நாலந்தா கண்ட நல்லறிஞர்

பொருள் தேடிப் பிறநாடு சென்றவர் பலர். மண்ணை வெல்லும் வேட்கையால் பிறநாடு புகுந்தவரும் பலர். கல்வி ஒன்றனையே கருதி, உயிரையும் பொருட்படுத்தாது, மலையும் மணற்காடும் கடந்து பிறநாடு சென்றவரோ மிகச் சிலர். அச் சிலருள் தலையாயவர் சீன நாட்டுப் பேரறிஞர் யுவான் சுவாங் ஆவர். ஏறத்தாழ 1,400 ஆண்டுகட்கு முன்னர் அவர் தம் தாயகத்தை விட்டுப் புறப்பட்டு, நம் பாரத நாட்டை அடைந்து, நாலந்தா என்னும் பெருங்கல்விக் கழகத்தில் மாணவராய் அமர்ந்து கற்றார். கற்றதனைத் தம் நாட்டு மக்கட்கு வழங்குவதிலேயே எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் கழித்தார். அவர்தம் வரலாறு கற்பார் அனைவர்க்கும் ஊக்கம் அளிப்பதாகும்.

தோற்றமும் இளமையும்

யுவான் சுவாங் கி. பி. 602-ஆம் ஆண்டளவில், சீன நாட்டில் லோயாங் என்னும் பெருநகருக்கு அண்மையில் தோன்றினார். அவர்தம் தந்தையார் கன்பூசியர் வகுத்த அறநூல்களில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். நாட்டின் ஆட்சி சீர்குலைந்து வருவதைக் கண்ட அவர், அரசாங்கப் பதவியை விரும்பாது, இல்லத்திலேயே இருந்து நூலாராய்ச்சியில் பொழுது போக்கினார். அவருடைய மைந்தர் நால்வருள் இளையவரே யுவான் சுவாங்.

எட்டாண்டுச் சிறுவராய் இருந்தபொழுது, தந்தையார் அவருக்குப் பெற்றோரைப் பேணும் அறத்தைக் கூறும் நூலைக் கற்பித்து வந்தார். கன்பூசியரின் மாணாக்கர் ஒருவர், ஆசிரியர் பேசத் தொடங்கியதும் தம் இருக்கையினின்றும் எழுந்து நின்றார் என்னும் பகுதி வந்தது. உடனே சிறுவர் தம் ஆடையைத் திருத்திக்கொண்டு எழுந்து நின்றார். காரணம் வினவப்பட்டபொழுது, அம் மாணாக்கர் ஆசிரியர் முன் எழுந்து நின்றிருக்கத் தாம் தந்தையார் முன் அமர்ந்திருத்தல் தகாது என்று விடை பகர்ந்தார். படித்ததனை உடனே ஒழுக்கமாக்கிக் கொள்ளும் இவ்வியல்பு அவரிடம் இறுதிவரை நிலைத்திருந்தது.

அவருடைய தமையனாருள் ஒருவர் லோயாங்கில் பௌத்தத் துறவியாய் இருந்தார். தமையனாருடன் மடத்தில் வாழ்ந்த யுவான் சுவாங்கிற்கும் அந்நெறியில் பற்று உண்டாயிற்று. அவருக்கு 13 ஆண்டு நிரம்பியபொழுது, அரசர் ஆணைப்படி சிலரைத் தெரிந்தெடுத்துத் துறவறத்தில் சேர்க்க அலுவலர் ஒருவர் வந்தார். உரிய வயது இன்மையால் யுவான் சுவாங் உள்ளே செல்ல இயலாது வாயிலில் நின்றார். அவர்தம் தோற்றப் பொலிவையும் அறிவொளியையும் கண்டு வியந்த அலுவலர், வயதினைப் பாராட்டாது அவரையும் சேர்த்துக்கொண்டார்.

ஐயமும் துணிவும்

சில ஆண்டுகளில் நாட்டில் பெருங்குழப்பம் மூண்டது. சுயி மரபினர் ஆட்சி வீழ்ந்து, கி. பி. 618-இல் தாங் மரபினர் ஆட்சி தோன்றியது. போரும் பஞ்சமும் மக்களை வாட்டின. உடன்பிறந்தார் இருவரும் லோயாங்கை விட்டுச் சாங்கான் நகரை அடைந்து, அங்கும் கல்விக்கு இடமின்மையால் தென்மேற்கே செங்டு நகருக்குச் சென்றனர். ஆங்கு யுவான் சுவாங் கி. பி. 622-இல் நிறைதுறவு பூண்டார்.

பின்னர் அவர் நாட்டின் பல பகுதிகளிலும் உள்ள ஆசிரியர்களை நாடிச் சென்று பாடங் கேட்டார். கேட்குந்தோறும் அவர் உள்ளத்தில் ஐயமே வளர்ந்தது. ஓர் ஆசிரியர் கூறியதை மற்றோர் ஆசிரியர் மறுத்தார். வடமொழியினின்றும் சீன மொழியில் பெயர்க்கப்பட்ட நூல்களோ ஒன்றோடொன்று முரணின; சில குறைவாயும் இருந்தன. மூலநூல்களை அவை தோன்றிய நாட்டிலேயே, அவற்றில் வல்லாரிடமே பாடங் கேட்டால் அன்றி இவ்வையம் தீராது என்று அவர் தெளிந்தார். சிறப்பாக, யோகாசாரபூமி சாத்திரம் என்னும் பெருநூலை முழுமையாகப் பெறுதல் வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு மிகுந்தது. இருநூறு ஆண்டுகட்கு முன்னர்ப் பாகியான் என்னும் துறவி இவ்வாறே பாரதம் சென்று மீண்டமை அவருக்குத் துணிவு தந்தது.

ஆனால், எல்லை கடந்து பிறநாடு செல்லுதலைப் பேரரசர் தாய்த்சுங் தடை செய்திருந்தார். யுவான் சுவாங் விடுத்த வேண்டுகோளும் மறுக்கப்பட்டது. உடன்வர இசைந்திருந்த தோழர் அனைவரும் பின்வாங்கினர். அவர் ஒருவரே தளர்ந்திலர். கி. பி. 629-இல் (627 என்பாரும் உளர்) அவர் மேற்கு நோக்கித் தனியே புறப்பட்டார்.

மணற்காட்டு வழி

பகலில் மறைந்திருந்தும் இரவில் நடந்தும் அவர் எல்லைப் புறத்தை அடைந்தார். அவரைப் பிடிக்குமாறு விடுக்கப்பட்ட ஆணை ஓர் ஊர்த்தலைவர் கைக்கு வந்தது. அத் தலைவர் அவருடைய நோக்கத்தின் தூய்மையை உணர்ந்து, ஆணையை அவர் முன்னிலையிலேயே கிழித்தெறிந்து, விரைந்து செல்லுமாறு வேண்டினார். வழிகாட்டியாக வந்தவன் ஓர் இரவு வாளை உருவிக்கொண்டு அவரை நெருங்கினான். பின்னர் மனம் மாறித் திரும்பினான். அவனும் அவரை விட்டு நீங்கினான். பலமுறை பாலை கடந்து பழகிய மெலிந்த கிழக்குதிரை ஒன்றே அவருக்குத் துணையாய் எஞ்சியது.

பறவையும் விலங்கும் காணப்படாத பெரும் பாலையில் அவர் வழி தவறினார். நீர் அருந்த எடுத்தபொழுது தோற்பை கை நழுவி வீழ, இருந்த நீர் முழுதும் மணலில் ஊறிப் போயிற்று. வேறு வழியின்றிக் கிழக்கு நோக்கிச் சிறிது தொலைவு திரும்பினார். பாரதத்தை அடையாமல் கிழக்கே ஓரடியும் வைப்பதில்லை என்று தாம் பூண்ட உறுதி அப்பொழுது அவர் நினைவிற்கு வந்தது. கிழக்கே சென்று உயிர் வாழ்தலினும் மேற்கே சென்று மடிதல் நன்று என்று துணிந்து, குதிரையை மீண்டும் மேற்கே திருப்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரும் இன்றிக் கழிந்தன. அவர் மணலில் வீழ்ந்து கிடந்தார். ஐந்தாம் நாள் இரவில் குளிர்ந்த காற்று வீச, சிறிது தெளிவுற்று எழுந்தார். குதிரை தானாகவே வேறு திசையில் அவரை ஈர்த்துச் சென்று, பசும்புல்லும் தெளிந்த நீரும் உள்ள ஓரிடத்தில் நிறுத்தியது. அவர் உயிர் பிழைத்தார்.

துர்பான் நாட்டு மன்னர் அவரைப் பெரிதும் போற்றி வரவேற்றார். ஆனால், அவருடைய அன்பே ஒரு தடையாயிற்று. துறவியைத் தம் நாட்டிலேயே குருவாக நிறுத்திக்கொள்ள விரும்பிய மன்னர், வழிவிட மறுத்தார். யுவான் சுவாங் உணவையும் நீரையும் துறந்து மூன்று நாள் அசையாது அமர்ந்திருந்தார். அவருடைய உடல் தளர்வதைக் கண்ட மன்னர் நாணி மன்னிப்பு வேண்டினார். பொன்னும் குதிரைகளும் ஏவலரும் அளித்து, வழியிலுள்ள 24 நாட்டு அரசர்க்கும் திருமுகம் எழுதித் தந்து அனுப்பினார். பாலையின் கொடுமையால் அசையாத உறுதியை அரச போகத்தின் இனிமையாலும் அசைக்க முடியவில்லை.

பனி மூடிய மலைகளைக் கடக்கும்பொழுது உடன் வந்தாருள் பலர் குளிராலும் பசியாலும் மாண்டனர். அவர் சாமர்க்கண்டு, பால்க் முதலிய நகரங்களைக் கடந்து, பாமியான் பள்ளத்தாக்கில் மலையில் குடையப்பட்டிருந்த மாபெரும் புத்தர் உருவங்களைக் கண்டார். அவ்வுருவங்கள் 2001-இல் அழிக்கப்பட்டன. பின்னர்க் காந்தாரத்தின் வழியே காசுமீரத்தை அடைந்து, ஆண்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டு தங்கிக் கல்வி பயின்றார். அதன்பின், வடமதுரை, கன்னோசி, பிரயாகை, காசி, வைசாலி, பாடலிபுத்திரம் முதலிய பல இடங்களையும் கண்டு, புத்தகயையில் போதி மரத்தை வணங்கினார். கங்கையில் கள்வர் கையில் அகப்பட்டுப் பலியிடப்படும் நிலையையும் அடைந்து தப்பினார். இத்தனை இடர்களையும் கடந்து, கி. பி. 637-ஆம் ஆண்டளவில் அவர் நாலந்தாவை அடைந்தார்.

நாலந்தாவின் மாட்சி

நாலந்தா மகத நாட்டில், பழைய இராசகிருக நகருக்கு அண்மையில் அமைந்திருந்தது. கி. பி. 5-ஆம் நூற்றாண்டில் குப்த மரபு மன்னர் ஒருவரால் தோற்றுவிக்கப்பட்டுப் பின்வந்த மன்னர் பலரால் விரிவாக்கப்பட்டது. செங்கல் மதில் ஒன்று அனைத்துக் கட்டடங்களையும் சூழ்ந்து நின்றது. உள்ளே பல முற்றங்களும், பல அடுக்கு மாளிகைகளும், வானளாவிய கோபுரங்களும் விளங்கின. தெளிந்த பொய்கைகளில் நீலத் தாமரை மலர்ந்தது; இடையிடையே மாஞ்சோலைகள் நிழல் தந்தன.

ஆங்குப் பதினாயிரம் பேர் தங்கியிருந்தனர் என்று யுவான் சுவாங்கின் மாணாக்கர் எழுதிய வரலாறு கூறுகின்றது. நூறு ஊர்களின் வருவாயை அரசர் அக் கழகத்திற்கு விட்டிருந்தார். அவ்வூரார் நாள்தோறும் அரிசியும் பாலும் வெண்ணெயும் கொணர்ந்து தந்தனர். ஆதலின் மாணவர் உணவிற்கும் உடைக்கும் மருந்திற்கும் பிறரை இரவாது கல்வியிலேயே கருத்தூன்ற முடிந்தது.

கழகத்துள் நுழைதல் எளிதன்று. பிறநாட்டிலிருந்து வாதம் புரிய வருவாரை வாயில் காப்பாரே அரிய வினாக்களால் சோதிப்பர். பத்துப் பேர் வந்தால் ஏழெட்டுப் பேர் விடை கூற இயலாது திரும்புவர். உள்ளே நாள்தோறும் ஏறத்தாழ நூறு இடங்களில் பாடஞ் சொல்லப்பட்டது. பௌத்தத்தின் பல பிரிவு நூல்களோடு வேதங்களும், தருக்கமும், இலக்கணமும், மருத்துவமும், சாங்கியமும் ஆங்குக் கற்பிக்கப்பட்டன. தம் சமயத்திற்கு மாறான நூலையும் கற்றறிந்த பின்னரே மறுத்தல் வேண்டும் என்னும் சால்பு அக் கழகத்தில் நிலவியது.

ஆசிரியரும் மாணவரும்

நாலந்தாவின் தலைவராய் அப்பொழுது வீற்றிருந்தவர் சீலபத்திரர். அவர் நூறாண்டைக் கடந்த முதியவர் என்று அவ்வரலாறு கூறும். அக் கழகத்தில் எல்லா நூல்களையும் முற்றக் கற்றவர் அவர் ஒருவரே. அவர்பால் கொண்ட மதிப்பினால் எவரும் அவர் பெயரைச் சொல்லாது சிறப்புப் பெயராலேயே குறிப்பிட்டனர்.

யுவான் சுவாங்கைப் பிக்குகளும் ஊர் மக்களும் கொடியும் குடையும் மலரும் ஏந்தி எதிர்கொண்டு அழைத்துச் சென்றனர். அவர் சீலபத்திரரின் முன்னர், இந்நாட்டு முறைப்படி முழந்தாளாலும் முழங்கையாலும் ஊர்ந்து சென்று அடி வணங்கினார். தாம் சீனத்திலிருந்து யோகாசாரபூமி சாத்திரத்தைக் கற்கும்பொருட்டு வந்திருப்பதாகத் தெரிவித்தார். அது கேட்ட முதியவர் கண்ணீர் உகுத்தார். கொடிய நோயினால் பல்லாண்டு வருந்திய சீலபத்திரர், மூன்று ஆண்டுகட்கு முன்னர் உணவை ஒழித்து உயிர் துறக்க எண்ணியிருந்தார். சீனத் துறவி ஒருவர் கற்க வருவார் என்றும், அவருக்குக் கற்பிக்கும்பொருட்டு உயிர் தாங்குதல் வேண்டும் என்றும் கனவில் தமக்கு அறிவுறுத்தப்பட்டதாக அவர் நம்பியிருந்தார். ஆதலின், மாணவர் ஆசிரியரைத் தேடி வந்ததைப் போலவே, ஆசிரியரும் மாணவரை எதிர்நோக்கி உயிர் தாங்கியிருந்தார் எனலாம்.

யுவான் சுவாங்கிற்குத் தனி இருப்பிடமும் ஏவலரும் அளிக்கப்பட்டனர். மாசாலி என்னும் மணமிக்க அரிசி நாள்தோறும் அவருக்கு வழங்கப்பட்டது. அவ்வரிசி மகதத்தில் மட்டுமே விளைவது. அரசர்க்கும் பேரறிஞர்க்கும் மட்டுமே உரியது. இச் சிறப்புகளில் அவர் மயங்கினார் அல்லர். சீலபத்திரர் யோகாசாரபூமி சாத்திரத்தை விரித்துரைக்கத் தொடங்கினார். அவ் விரிவுரை முற்றுப்பெற 15 திங்கள் ஆயின. ஒருமுறை கேட்டதனோடு அமையாது, யுவான் சுவாங் அந்நூலை மும்முறை கேட்டார். தருக்க நூல்களையும், வடமொழி இலக்கணத்தையும், பிற பிரிவினரின் நூல்களையும் முறையாகப் பயின்றார். இவ்வாறு நாலந்தாவில் சில ஆண்டுகள் கழிந்தன.

தமிழ்நாட்டு வருகை

பின்னர் அவர் வங்கம், கலிங்கம், ஆந்திரம் ஆகிய நாடுகளைக் கண்டு, கி. பி. 640-ஆம் ஆண்டளவில் காஞ்சி மாநகரை அடைந்தார். பல்லவர் கோமான் முதலாம் நரசிம்மவர்மன் அப்பொழுது ஆண்டு வந்தான். நிலத்தின் வளத்தையும், மக்களின் வீரத்தையும் வாய்மையையும் கல்விப் பற்றினையும் யுவான் சுவாங் தம் நூலில் பாராட்டி எழுதியுள்ளார். ஆங்கு நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகள் இருந்ததையும் குறித்துள்ளார்.

காஞ்சிக்கும் நாலந்தாவிற்கும் ஓர் உறவு உண்டு. சீலபத்திரரின் ஆசிரியரும், அவருக்கு முன் நாலந்தாவின் தலைவராய் விளங்கியவருமாகிய தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர். அந்நகரத்து அமைச்சர் ஒருவரின் மைந்தராகிய அவர், தமக்கென உறுதி செய்யப்பட்ட அரச குலத் திருமணத்தையும் விடுத்துத் துறவு பூண்டு வடநாடு சென்றவர். எனவே, யுவான் சுவாங் காஞ்சியில் அடி வைத்தபொழுது, தம் ஆசிரியருக்கு ஆசிரியர் பிறந்த மண்ணையே மிதித்தார். ஆண்டிருந்து ஈழநாடு செல்ல அவர் விரும்பினார். ஆனால், ஈழத்தில் மன்னர் இறந்தமையால் குழப்பமும் பஞ்சமும் நிலவுவதாக அங்கிருந்து வந்த துறவியர் கூறினர். ஆதலின் அம் முயற்சியைக் கைவிட்டு, மேலைக் கடற்கரை நாடுகளின் வழியே மீண்டும் மகதத்தை அடைந்தார். ஆண்டுச் சயசேனர் என்னும் இல்லறத்து அறிஞரை அடுத்து ஏறத்தாழ இரண்டு ஆண்டு பாடங் கேட்டார்.

தோற்றவனிடம் கற்ற பெருந்தகை

நாலந்தாவிற்கு மீண்டதும் சீலபத்திரர் அவரையே பாடஞ் சொல்லுமாறு பணித்தார். மாணவராய் வந்தவர் ஆசிரியரானார். அந்நாளில் உலகாயதக் கொள்கையினராகிய அந்தணர் ஒருவர் வந்து, நாற்பது கொள்கைகளை எழுதி நாலந்தாவின் வாயிலில் தொங்கவிட்டார். அவற்றுள் ஒன்றையேனும் எவரேனும் மறுத்துவிடின், தம் தலையையே தருவதாகவும் அறைகூவினார். பல நாள் எவரும் முன்வரவில்லை. யுவான் சுவாங் அவ்வோலையைக் கிழிக்கச் செய்து, சீலபத்திரர் முன்னிலையில் அவரோடு வாதிட்டு வென்றார். தோற்ற அந்தணர் சொன்ன சொல் தவறாது தம் தலையைக் கொள்ளுமாறு கூறி நின்றார். துறவியர் உயிரைக் கவரார் என்று கூறி, யுவான் சுவாங் அவரைத் தம் ஏவலராக மட்டும் ஏற்றுக்கொண்டார்.

சின்னாட்களில், மகாயான நெறியை மறுத்து எழுநூறு சுலோகங்களால் எழுதப்பட்ட ஒரு நூல் யுவான் சுவாங்கின் கைக்கு வந்தது. அதில் சில இடங்கள் அவருக்கு விளங்கவில்லை. அந்நூலைக் கேட்டதுண்டோ என்று அவ்வேவலரை அவர் வினவினார். ஐந்து முறை கேட்டிருப்பதாக அவர் கூறினார். உடனே யுவான் சுவாங் அதனைத் தமக்குக் கற்பிக்குமாறு வேண்டினார். ஏவலராகிய தாம் தலைவருக்கு ஆசிரியராதல் எங்ஙனம் என்று அந்தணர் தயங்கினார். ஏவலரிடம் பாடங் கேட்டதனைப் பிறர் அறியின் தலைவரின் புகழ் குறையும் என்று அஞ்சி, இரவு வரை பொறுத்திருக்குமாறு கேட்டுக்கொண்டார். அன்றிரவு அவர் பாடஞ் சொல்ல, நாடே போற்றும் பேரறிஞர் மாணவராய் இருந்து கேட்டார். பாடம் முடிந்ததும் யுவான் சுவாங் அந்தணரை ஏவல் நிலையினின்றும் விடுவித்து, விரும்பிய இடத்திற்குச் செல்லுமாறு அனுப்பினார். வாதத்தில் வென்றது அவர்தம் அறிவின் ஆற்றல். தோற்றவரிடமே அமர்ந்து கற்றது அவர்தம் உள்ளத்தின் பெருமை. இவ்விரண்டனுள் பின்னதே அரிது.

பிரிவு

கற்க வேண்டியன கற்றபின் யுவான் சுவாங் தாயகம் திரும்ப எண்ணினார். நாலந்தாவின் பிக்குகள் அவரைத் தடுத்தனர். புத்தர் பிறந்த நாடு இதுவே என்றும், இதனை விட்டு எல்லைப்புற நாட்டிற்கு மீளுதல் அறிவுடைமை ஆகாது என்றும் அன்போடு எடுத்துரைத்தனர். அவர்தம் சொல்லிலும் பொருள் இருந்தது. நாலந்தாவில் தங்கியிருந்தால் நிறைந்த புகழோடும், ஒத்த அறிஞர் கூட்டுறவோடும் அவர் வாழ்ந்திருக்கலாம். திரும்பிச் செல்லும் வழியிலோ பனிமலையும் பாலையும் காத்திருந்தன. ஆணையை மீறிச் சென்றவர் என்று பேரரசர் ஒறுத்தலும் கூடும். ஆயினும், அறம் எங்கும் பரவுதற்கு உரியது என்றும், தாம் ஒருவர் மட்டும் சுவைத்து, அறியாதாரை மறந்திருத்தல் முறையன்று என்றும் யுவான் சுவாங் விடை கூறினார். வழக்கு சீலபத்திரரிடம் சென்றது. மாணவர் நாடு திரும்பி, கற்றதனை மொழிபெயர்த்துப் பலர்க்கும் பயன்படுத்த விரும்புவதைக் கேட்ட அம் முதியவர், தாம் விரும்பியதும் அதுவே என்று மகிழ்ந்து, எவரும் அவரைத் தடுத்தல் வேண்டா எனப் பணித்தார்.

புறப்படுமுன், காமரூப நாட்டு மன்னர் பாற்கரவர்மரும் பேரரசர் ஹர்ஷரும் அவரைத் தம்மிடம் அழைத்துச் சிறப்புச் செய்தனர். கி. பி. 643-ஆம் ஆண்டளவில் ஹர்ஷர் கன்னோசியில் பேரவை ஒன்று கூட்டினார். அரசர் பதினெண்மரும் ஆயிரக் கணக்கான அறிஞரும் குழுமிய அவ்வவையில் 18 நாள் வரையில் யுவான் சுவாங்கின் கொள்கையை மறுத்து வெல்வார் எவரும் இலர். பின்னர்ப் பிரயாகையில் 75 நாள் நடந்த பெருங்கொடை விழாவில், ஐந்து ஆண்டுகளாய்த் தொகுத்த செல்வம் முழுவதையும் ஹர்ஷர் வழங்கியதையும் அவர் கண்டார். மன்னர் அளித்த பொன்னை ஏலாது, மழைக்கு உதவும் ஆடை ஒன்றனையே பெற்றுக்கொண்டு விடை பெற்றார்.

தாயகமும் தமிழா முயற்சியும்

சிந்து ஆற்றைக் கடக்கும்பொழுது புயல் எழுந்து ஓடம் தத்தளித்தது. அரிதில் தொகுத்த சுவடிகளுள் ஐம்பது ஆற்றில் வீழ்ந்து மறைந்தன. யுவான் சுவாங் ஐம்பது நாள் அளவும் அப்பகுதியில் தங்கி, இழந்த சிலவற்றிற்குப் படி எடுத்து வருமாறு ஆட்களை அனுப்பினார். கோட்டான் நகரை அடைந்ததும், ஆணையை மீறிச் சென்றதற்குப் பொறுத்தருளுமாறு பேரரசருக்குத் திருமுகம் விடுத்தார். பேரரசர் மகிழ்ந்து வரவேற்பளிக்க ஆணையிட்டார். மறைந்து சென்றவர் கி. பி. 645-இல் சாங்கான் நகருட் புகுந்தபொழுது தெருவெங்கும் மக்கள் வெள்ளம் நிறைந்தது. இருபது குதிரைகள் சுமந்து வந்த 657 நூல்கள் நகருள் கொண்டு செல்லப்பட்டன.

பேரரசர் துறவாடையை நீக்கி அமைச்சுப் பதவி ஏற்குமாறு வேண்டினார். யுவான் சுவாங் அதனை மறுத்து, மொழிபெயர்ப்பிற்கு வேண்டிய வசதி ஒன்றையே வேண்டிப் பெற்றார். பேரரசர் விருப்பப்படி தம் பயண நூலை கி. பி. 646-இல் முடித்தளித்தார். ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஓய்வின்றி உழைத்து, 75 நூல்களை 1,335 பகுதிகளாகச் சீன மொழியில் பெயர்த்தார். பகலில் வேறு அலுவல் நேரின், அன்றைய பணியை இரவில் முடித்த பின்னரே துயில்வார். சுவடிகளைத் தீயினின்றும் காக்கும்பொருட்டு கி. பி. 652-இல் கோபுரம் ஒன்று எழுப்பப்பட்டபொழுது, கல்லும் மண்ணும் தாமே சுமந்தார். பிற்காலத்தே திருத்திக் கட்டப்பட்ட அக் கோபுரம் சியான் என இன்று வழங்கும் அந்நகரில் நின்று நிலவுகின்றது.

நாலந்தாவை அவர் மறந்தார் அல்லர். அங்குள்ள அறிஞர் சிலரோடு திருமுகத் தொடர்பு வைத்திருந்தார். சீலபத்திரர் மறைந்த செய்தி கேட்டுப் பெருந்துயருற்று எழுதினார். சிந்து ஆற்றில் இழந்த நூல்களின் பெயர்களை அத் திருமுகத்தோடு எழுதி இணைத்து, அவற்றை அனுப்பி உதவுமாறும் வேண்டினார். பத்தாண்டு கடந்த பின்னும் இழந்த நூல்கள் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. கி. பி. 664-இல் அவர் இயற்கை எய்தினார்.

கடன் தீர்த்த நூல்

கி. பி. 1200-ஆம் ஆண்டையொட்டி நேர்ந்த படையெடுப்பால் நாலந்தா அழிவுற்றது. அதன் மாளிகைகள் மண்மேடாயின. அதன் பெயரும் அவ்விடத்து மக்கள் நினைவினின்றும் மறைந்தது. யுவான் சுவாங் மொழிபெயர்த்த நூல்கள் பலவற்றின் வடமொழி மூலங்களும் இந்நாட்டில் மறைந்து போயின. அவற்றின் கருத்தை இன்று அறிதற்கு அவருடைய சீன மொழிபெயர்ப்பே துணை செய்கின்றது.

அவர்தம் பயண நூல் 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியில் பெயர்க்கப்பட்டது. அதிற் கண்ட திசைகளையும் தொலைவுகளையும் கருவியாகக் கொண்டு, தொல்பொருள் ஆய்வாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் 1861-62-இல் பீகாரில் பர்காவோன் என்னும் சிற்றூரின் அருகே இருந்த மேடுகளே பழைய நாலந்தா என்று நிறுவினார். 1915 முதல் 1937 வரை நடந்த அகழ்வில் மடங்களின் அறைகளும், முற்றங்களும், கோயில்களும் வெளிப்பட்டன. 2016-இல் அவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு அண்மையில், இராசகிருகத்தை ஒட்டி, நாலந்தாவின் பெயராலேயே புதிய பல்கலைக் கழகம் ஒன்றும் 2014-இல் பாடங்களைத் தொடங்கியது.

நாலந்தா யுவான் சுவாங்கிற்குக் கல்வி தந்தது. அக் கழகம் மண்ணுள் மறைந்திருந்த காலத்தில், அதனை மீண்டும் உலகிற்குக் காட்டியது அம் மாணவர் எழுதிய நூல். ஒருவர் பெற்ற கல்வி அவர் ஒருவரோடு நின்றுவிடின், அவர் மறையும் நாளில் அதுவும் மறையும். பிறர்க்கு வழங்கப்படின், கற்பித்த இடமே அழிந்தாலும் அக் கல்வி அழியாது நிற்கும். இவ்வுண்மையை யுவான் சுவாங்கின் வாழ்க்கை தெளிவுற விளக்குகின்றது.